விழுந்த சிலையும் விழாத பீடமும்

சிலையை உடைப்பது அறமா, அறமில்லையா? எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் பிள்ளைகள் இந்தக் கேள்வியைப் பல தடவை கேட்டிருக்கிறார்கள். 2018 மார்ச்சில் திரிபுராவின் பெலோனியாவில் லெனின் சிலையை புல்டோசர் வைத்துச் சாய்த்தார்கள். மறுநாளே இங்கே திருப்பத்தூரில் பெரியார் சிலையில் கை வைத்தார்கள். 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் அம்பேத்கர் சிலையை உடைத்தார்கள். மூன்றையும் கண்டித்துத் தெருவில் நின்றோம். 2020 ஜூனில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், அடிமை வியாபாரத்தில் சம்பாதித்த எட்வர்ட் கால்ஸ்டனின் சிலையை ஜனங்கள் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். கைதட்டினோம். "அப்போ நம்ம ஆளு சிலைன்னா கண்டிப்போம், அடுத்தவன் சிலைன்னா கைதட்டுவோமா? இதுல நியாயம் எங்க இருக்கு?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. அதட்டி உட்கார வைக்கக் கூடாத கேள்வி.

பதில் தேடி நான் பாக்தாத்துக்கோ மாஸ்கோவுக்கோ போகப் போவதில்லை. முதலில் கொற்கைக்குப் போகலாம்.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம் இருக்கிற கொற்கைக்கு இன்று யாராவது வந்தால் பாண்டியனின் கோட்டையையோ அரண்மனையையோ பார்க்க முடியாது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டலில் கடலே பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. துறைமுகம் இருந்த ஊர் இப்போது வயலும் வாழையும் குளமுமாக இருக்கிறது. 1968-69 அகழாய்வில் எடுத்த கரித்துண்டு கி.மு. 785 என்று காலம் காட்டியது. மேடைக்கு மேடை இந்தப் பழமையைப் பேசுகிறோம். முத்தைப் பேசுகிறோம். முத்தை எடுத்தவன் யார் என்று மட்டும் பேசுவதில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல் பயணக் குறிப்பு, பாண்டிய நாட்டின் கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்று சொல்கிறது. ராஜாவின் கழுத்தில் கிடந்த மாலை, தப்பி ஓட முடியாதவன் மூச்சடக்கிக் கொண்டுவந்தது.

இன்னொன்றும் கொற்கையில் நடந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கண்ணகி மதுரையை எரித்த பிறகு பாண்டிய நாட்டில் மழை இல்லை, நோய் வந்தது. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் அந்தத் தெய்வத்தைச் சாந்தப்படுத்த ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான். பொய் சொன்னவன் ஒரே ஒரு பொற்கொல்லன். விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னவன் ராஜா. அரியணையிலேயே விழுந்து செத்ததால் ராஜா நீதி தவறாதவன் ஆகிவிட்டான். ஒருத்தன் பொய்க்கு அந்தத் தொழில் செய்த ஆயிரம் பேர் கழுத்தைக் கொடுத்தார்கள். நான் தமிழ் எம்.ஏ. படித்த வகுப்பில் இந்த இடத்தை அரை நிமிஷத்தில் தாண்டிப் போனார்கள். கற்புக்கு மூன்று வாரம் ஒதுக்கினார்கள்.

இது நிஜமாகவே நடந்ததா என்பதல்ல என் கேள்வி. எழுதியவர்கள் இதை ஒரு நல்ல காரியமாக, மழை வரவழைத்த காரியமாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். ஒருத்தன் மேல் குற்றம், ஊர் மேல் தண்டனை. இந்தக் கணக்கு நமக்குப் புதிதா? 1995 ஆகஸ்ட் 31 அன்று இதே மாவட்டத்தில் கொடியன்குளத்துக்குள் போலீஸ் நுழைந்தபோது இந்தக் கணக்கில்தான் நுழைந்தது. எங்கோ நடந்த சாதி மோதலுக்கு ஒரு ஊரின் வீடுகளும் பானை சட்டிகளும் பாத்திரங்களும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சிலை விஷயத்துக்கு வருகிறேன். அதே காப்பியத்தில் சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குச் சிலை எடுக்கிறான். அதற்கு இமயத்திலிருந்து கல் வருகிறது. தோற்ற வடநாட்டு ராஜாக்கள் கனகன், விசயன் தலைமேல் ஏற்றி அந்தக் கல்லைக் கொண்டுவருகிறான். நீதி கேட்டுத் தனியாக நின்ற ஒரு பெண்ணின் சிலை, தோற்றவனை அவமானப்படுத்துகிற சிலையாக முடிந்துவிடுகிறது. கண்ணகிக்காக எடுத்தானா, தனக்காக எடுத்தானா? சிலை எடுக்கிற எந்த அரசனிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். சிலைக்குள் ஒரு முகம் இருக்கும், பீடத்துக்குள் வேறொரு முகம் இருக்கும். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் வைத்த கண்ணகி சிலையை 2001 டிசம்பரில் லாரி மோதியது என்று காரணம் காட்டி எடுத்தார்கள். 2006 ஜூனில் ஆட்சி மாறியதும் திரும்ப வைத்தார்கள். எடுத்ததும் அரசு, வைத்ததும் அரசு. கண்ணகி கேட்ட நீதி பற்றி இரண்டு நாளிலும் யாரும் பேசவில்லை.

சர்வாதிகாரிகள் இதை இன்னும் பச்சையாகச் செய்வார்கள். ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில் 1951-இல் ஸ்டாலினுக்கு எட்டு மீட்டர் உயரத்தில் வெண்கலச் சிலை வைத்தார்கள். அந்த இடத்தில் இருந்த தேவாலயத்தை இடித்து, பழைய சிலைகளை உருக்கி அந்தச் சிலை வந்தது. தன் சிலைக்கு இடம் வேண்டுமென்றால் அடுத்தவன் ஞாபகத்தை முதலில் இடிக்க வேண்டும். 1956 அக்டோபர் 23 அன்று ஜனங்கள் அதை அறுத்துச் சாய்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே பூட்ஸ் மட்டும் பீடத்தில் நின்றது. பூட்ஸ் சதுக்கம் என்று அந்த இடத்துக்குப் பெயர் வைத்துச் சிரித்தார்கள். பன்னிரண்டு நாளில் சோவியத் டாங்கிகள் திரும்ப வந்தன. சிலை போயிற்று, பூட்ஸ் இருந்தது. பாக்தாத்தில் 2003 ஏப்ரல் 9 அன்று சதாம் உசேன் சிலையை இழுத்துச் சாய்த்தது யார்? சுற்றி நின்று ஆரவாரம் செய்தவர்கள் ஈராக்கியர்கள். இழுத்த வண்டி அமெரிக்க ராணுவத்தினுடையது. ஒரு பீடத்திலிருந்து ஒருத்தனை இறக்கிவிட்டு இன்னொருத்தன் அதிலேயே ஏறுவதற்கும் 'விடுதலை' என்றுதான் பெயர் போடுகிறார்கள்.

நம் நாட்டில் இதைவிட விநோதமான ஒன்று நடந்தது. 1973 ஆகஸ்ட் 15 அன்று இந்திரா காந்தி செங்கோட்டையில் ஒரு காலப்பேழையைப் புதைத்தார். சுதந்திர இந்தியாவின் வரலாறு உள்ளே இருந்தது. யாருடைய வரலாறு என்று சண்டை வந்தது. இரண்டு வருஷத்தில் அவசரநிலை வந்தது. 1977-இல் ஜனதா அரசு அந்தப் பேழையைத் தோண்டி எடுத்தது. எத்தனையோ தலைமுறை கழித்து எடுக்க வேண்டியது ஐந்து வருஷம்கூட மண்ணுக்குள் கிடக்கவில்லை. எதிர்காலம் தன்னை எப்படி நினைக்கும் என்று பயப்படுகிறவர்கள்தான் எதிர்காலத்துக்குச் சேர்த்து இன்றைக்கே எழுதி வைக்கிறார்கள்.

இவ்வளவும் படித்தவர்களுக்குத் தெரிந்த கதை. நாம் கேட்க வேண்டியது இதற்கு அடுத்த கேள்வி. சிலை விழுந்த பிறகு எது விழாமல் நிற்கிறது?

சென்னை மவுண்ட் ரோட்டில் 1861 முதல் கர்னல் நீல் சிலை நின்றது. 1857 கிளர்ச்சியை அடக்கப் போய், அலகாபாத் பக்கம் ஊர் ஊராக ஜனங்களைத் தூக்கில் போட்டவன். லக்னோவில் செத்தான். 1927-இல் இந்தச் சிலையை எடுக்கச் சொல்லிச் சத்தியாகிரகம் நடந்தது. நம் திருநெல்வேலி சோமயாஜுலு முன்னின்றார். கோடாலியும் சுத்தியலும் கொண்டு சிலையை அடித்து ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு. 1937-இல் ராஜாஜி அரசு சிலையை இறக்கி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. நல்ல காரியம். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் நீல் கான்பூரில் என்ன செய்தான் என்று நின்று பாருங்கள். வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட வீட்டில் இரத்தம் உறைந்து கிடந்தது. பிடிபட்டவர்கள் ஒவ்வொருவரும் அந்தக் கறையில் கொஞ்சத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், மறுத்தால் சவுக்கடி, செய்து முடித்ததும் தூக்கு என்று உத்தரவு போட்டான். சாதியில் உயர்ந்தவனுக்குச் சாவைவிடக் கறை துடைப்பது பெரிய தண்டனை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்கு யார் அதைச் சொல்லிக் கொடுத்தது? லண்டனில் அந்தப் பாடம் கிடையாது. நம் ஊரில் கற்றுக்கொண்டதுதான். இரத்தமும் மலமும் பிணமும் தொடுவது ஒருத்தனுக்குத் தூக்கைவிடக் கொடுமை, இன்னொருத்தனுக்கு அன்றாட வேலை. இந்த ஏற்பாடு இருந்ததால்தான் நீல் போட்ட தண்டனைக்கு அர்த்தமே வந்தது. நீலின் கொடுமையைப் பேசிய தேசியவாதிகள் இந்த ஏற்பாட்டைப் பேசவில்லை. சிலை 1937-இல் இறங்கிவிட்டது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம் வந்தன. இன்றும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிச் சாகிறவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று சொல்லத் தேவையில்லை. நீல் நின்ற பீடம் அதுதான். மவுண்ட் ரோட்டில் இருந்தது வெறும் கல்.

அதே 1927-இல், டிசம்பர் 25 அன்று, மகாத் நகரத்தில் அம்பேத்கரும் தோழர்களும் மனுஸ்மிருதியை எரித்தார்கள். அவர்கள் எந்தச் சிலையையும் தொடவில்லை. சிலை எதன்மேல் நிற்கிறதோ அதைத் தொட்டார்கள். ஒரே வருஷத்தில் நடந்த இந்த இரண்டு போராட்டத்தையும் நம் பாடப்புத்தகங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில்லை. வைத்தால் பிள்ளைகளுக்குக் கேள்வி வந்துவிடும். மகாத்தில் எரிந்த அந்த மனுவுக்கு 1989-இல் ஜெய்ப்பூரில், ராஜஸ்தான் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சிலை வைத்தார்கள். எடுக்க வேண்டும் என்று அந்த வருஷமே நீதிபதிகள் கூடி முடிவெடுத்தும் தடை வாங்கி நிறுத்திவிட்டார்கள். 2018 அக்டோபரில் மகாராஷ்டிராவிலிருந்து போன இரண்டு பெண்கள் அந்தச் சிலைமேல் கறுப்புச் சாயம் பூசினார்கள். கைதானார்கள்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். சிலையைவிடப் பெரிய சிலை ஒன்று உண்டு: பெயர். 1986-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த நம் மாவட்டத்துக்குச் சிதம்பரனார் பெயர். நெல்லைக்குக் கட்டபொம்மன் பெயர். பஸ் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயர். கட்டபொம்மன் பெயர் போட்ட பஸ்ஸில் எல்லாச் சாதியும் ஏறி இறங்கியது. யாருக்கும் உடம்பு கூசவில்லை. 1997-இல் கலைஞர் அரசு விருதுநகர் பக்கம் ஒரு புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. சுந்தரலிங்கம் யார்? கட்டபொம்மன் படையில் நின்றவர், கவர்னகிரிக்காரர், வெள்ளையனின் வெடிமருந்துக் கிடங்கோடு சேர்ந்து எரிந்து செத்தார் என்று ஊர் சொல்லும் வீரர். ஆனால் தேவேந்திரர். அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் வந்தது. உயிர்கள் போயின. முடிவில் அரசு என்ன செய்தது தெரியுமா? எல்லாப் பஸ்ஸிலிருந்தும், எல்லா மாவட்டத்திலிருந்தும், எல்லாத் தலைவர் பெயரையும் எடுத்துவிட்டது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது அப்படித்தான்.

எஜமான் பெயர் பஸ்ஸில் ஓடலாம். எஜமானுக்காக வெந்து செத்தவன் பெயர் ஓடக் கூடாது. ஓடத்தான் வேண்டுமென்றால் யார் பெயரும் வேண்டாம். இதைச் சமத்துவம் என்று சொன்னார்கள். நடுநிலை என்று பத்திரிகைகள் பாராட்டின. நான் இதை ஒரு சிலை உடைப்பு என்றே சொல்வேன். கடப்பாரை இல்லாமல், ஒரு அரசாணையால், ஒரே ஒரு தலித்தின் பெயரை இறக்குவதற்காக எல்லாப் பெயரையும் இறக்கிய உடைப்பு. எல்லாச் சிலையும் கீழே கிடக்க, பீடம் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் நின்ற நாள் அது. அதே 1997 ஜூலையில், மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதைக் கேட்டுத் தெருவுக்கு வந்த ஜனங்கள்மேல் போலீஸ் சுட்டுப் பத்துப் பேர் செத்தார்கள். அவமானப்பட்டவர்கள்தான் குண்டும் வாங்கினார்கள்.

இப்போது தம்பி கேட்ட கேள்விக்கு வரலாம். லெனின் சிலையும் அம்பேத்கர் சிலையும் கால்ஸ்டன் சிலையும் விழுவது ஒன்றா? கல்லையும் வெண்கலத்தையும் பார்த்தால் ஒன்று. கையைப் பார்த்தால் ஒன்றில்லை. நான் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். யார் உத்தரவில், யார் காசில் அந்தச் சிலை வந்தது? அது வருவதற்கு முன் அந்த இடத்தில் யார் நிற்க முடியாமல் இருந்தார்கள்? அதை உடைக்கிற கை மேலே ஓங்குகிறதா, கீழே மிதிக்கிறதா?

எங்கள் தெருவின் அம்பேத்கர் சிலையை எந்த அரசும் வைக்கவில்லை. உப்பளத்தில் வெயிலில் வெந்த கூலியில், வாரம் இவ்வளவு என்று பெண்கள் சீட்டுப் பிடித்த மாதிரி சேர்த்த காசில் வந்தது. அந்த முக்கில் எங்கள் ஆட்கள் செருப்புப் போட்டு நடக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. கோட்டும் கண்ணாடியும் போட்டு, கையில் புத்தகத்தோடு, பூட்ஸ் காலோடு ஒருத்தர் அங்கே நிற்கிறார் என்பதே பதில். அவர் யாரையும் பயமுறுத்தவில்லை. ஆனால் அவரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். சர்வாதிகாரியின் சிலைக்கு ஜனங்கள் பயப்படுவார்கள். இங்கே ஜனங்களின் சிலைக்கு அதிகாரம் பயப்படுகிறது. அதனால்தான் கூண்டு.

ஆமாம், மற்றத் தலைவர்களுக்கும் கூண்டு இருக்கிறது. ஆனால் அவர்கள் கூண்டில் இருப்பதால் அவர்கள் ஆட்கள் தெருவில் நடக்க முடியாமல் போகவில்லை. எங்கள் தெரு பெரியம்மா ஒருவர் கம்பிக்கு வெளியே கையை விட்டு மாலை போட்டுவிட்டுச் சொன்னார்: "சாமிக்குக் கம்பி போட்டா களவாணிக்குப் பயந்து போடுதான். இவருக்குக் கம்பி போட்டா இவருல்லா ஜெயில்ல கெடக்க மாதிரி இருக்கு. உடைக்கவனை விட்டுட்டாம்யா, உடைபடுதவரைப் பூட்டிட்டான்." இதற்குமேல் விளக்க எனக்குத் தெரியவில்லை. வேதாரண்யத்தில் உடைத்த மறுநாளே அரசு புதுச் சிலை வைத்தது. அவ்வளவு வேகமாகச் சிலை செய்யத் தெரிந்த அரசுக்கு, உடைத்த கைக்குப் பின்னால் இருக்கிற துணிச்சலை உடைக்கத் தெரியவில்லை.

இதுவரை சொன்னது வெளியே இருப்பவர்களுக்கு. இனிச் சொல்வது நமக்கு. கோபப்படுகிறவர்கள் படட்டும்.

நம் பிள்ளைகள் கொஞ்ச வருஷமாக டிஜிட்டல் பேனரில் ராஜாக்களை அடிக்கிறார்கள். மீசையும் வாளும் சிங்காசனமும். "ஆண்ட பரம்பரை", "பாண்டியன் எங்க பாட்டன்." ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. ஆயிரம் வருஷம் ஒருத்தனை ஒன்றுமில்லாதவன் என்று சொன்னால், அவன் ஒரு நாள் நான் எல்லாமும் என்று சொல்லத்தான் செய்வான். எதிர்வீட்டுக்காரன் ராஜா வேஷம் கட்டி நிற்கும்போது நீ மட்டும் வெறும் ஆளாக நில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன். பாண்டியன் நம் பாட்டன் என்றால், முத்துக் குளித்த கைதி யாருடைய பாட்டன்? ஆயிரம் பொற்கொல்லர் யாருடைய பாட்டன்கள்? சிங்காசனத்தைக் கேட்டு வாங்கும்போது, அதற்கு அடியில் கிடக்கிற கழுத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். அந்தக் கழுத்து நம்முடையதாகவும் இருக்கலாம், நமக்கும் கீழே என்று நாம் நினைக்கிற ஒருத்தனுடையதாகவும் இருக்கலாம். சுந்தரலிங்கத்தைக் கொண்டாடுவது வேறு. அவர் செத்தவர், சாகச் சொன்னவர் இல்லை.

அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, மதத்தில் பக்தி ஆன்மாவுக்கு வழியாக இருக்கலாம், அரசியலில் பக்தி நிச்சயமாகச் சர்வாதிகாரத்தில் கொண்டுவிடும் என்கிற பொருளில் எச்சரித்தார். அவர் சிலைக்குக் கீழே நின்றே அவர் சொன்னதை மறந்துவிட முடியும். சிலையின் ஆபத்து அது. சிலைக்கு மாலை போடுவது சுலபம். அவர் கையில் இருக்கிற புத்தகத்தைத் திறந்து படிப்பது கஷ்டம். அவர் தோழர்களோடு எரித்த புத்தகத்தைத் தன் வீட்டுக்குள் எரிப்பது, பெண்டாட்டியிடம், மகளிடம், பக்கத்துத் தெரு அருந்ததியர் வீட்டுப் பிள்ளையிடம் எரிப்பது, அதைவிடக் கஷ்டம்.

அதற்காகச் சிலையே வேண்டாம் என்கிற கட்சியில் நான் இல்லை. இதுவரை எல்லாச் சந்தியிலும் தன் ஆளை நிறுத்தி வைத்துவிட்டு, நாம் ஒன்று வைக்கப் போகும்போது மட்டும் "சிலை அரசியல் ஏன்?" என்று கேட்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. நான் கேட்பது, எந்த மாதிரி வைக்கப் போகிறோம் என்று.

தமிழனுக்குச் சிலையைவிடப் பழையது நடுகல். செத்த ஆளை நினைத்து, ஜனங்கள் நடக்கிற வழியில், ஆளுயரத்துக்கும் குறைவாக ஒரு கல்லை நட்டார்கள். நேராக மண்ணில் நட்டார்கள். அதற்குப் பீடம் கிடையாது. அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, பக்கத்தில் உட்காரலாம். கொற்கையில் நாம் ஒரு நினைவு வைப்பதானால் அப்படி வைக்கலாம். பெயர் தெரியாத ஆயிரம் பொற்கொல்லருக்கு ஒன்று. மூச்சு முட்டி மேலே வராத முத்துக் கைதிகளுக்கு ஒன்று. தூத்துக்குடிக்குள்ளேயே 2018 மே மாதத்தில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது போலீஸ் குண்டில் செத்த பதின்மூன்று பேருக்கு ஒன்று. சாதி பார்த்து நட வேண்டாம், சாவைப் பார்த்து நடுவோம்.

அதையும் உடைக்க ஆள் வருவானா? வரலாம். அன்றைக்கு அவன் எதை உடைக்கிறான் என்று ஊருக்குச் சொல்ல வேண்டிய வேலை நமக்கு இருக்கிறது. அதை இன்றைக்கே, வகுப்பிலும் உப்பளத்திலும் பஸ்ஸிலும், சொல்லத் தொடங்கலாம்.